பிள்ளை பெற்ற பின் விடாத தலையிடி: ஊசியின் மேல் பழி, கணக்கில் வராத பனடோல்

கொழும்பில் பிள்ளை பெற்று ஆறு மாதமான பெண் ஒருத்தி "எனக்குத் தலையிடி விடுறதே இல்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். காரணம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் அம்மா, "முப்பத்தொண்டாம் நாள் கழிய முதலே தலையில தண்ணி வார்த்தாய், குளிர் பிடிச்சிட்டுது" என்பார். எதிர் வீட்டு அக்கா, "சீசருக்கு நாரியில போட்ட ஊசிதான், எனக்கும் இப்பிடித்தான்" என்பார். கணவருக்கு எல்லாம் நித்திரைக் குறைவு. சந்தியில் இருக்கும் பாமசிக்காரர் காரணமே சொல்லமாட்டார், ஒரு கார்ட் பனடோலை எடுத்து நீட்டிவிடுவார்.

இந்த நாலு பேரில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு பேரும் கேட்காமல் விட்ட கேள்விகள் சில இருக்கின்றன. தலையிடி எப்போது தொடங்கியது? பிள்ளை பிறந்து எத்தனையாம் நாள்? எழுந்து இருந்தால் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா? கலியாணத்துக்கு முன்பு தலையிடி இருந்ததா? மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுகிறாய்? பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் தலையிடியில் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஸ்கானை விட இந்தக் கேள்விகள்தான் பெரும்பாலும் உதவுகின்றன. முதல் வாரத்தில் வருவதற்கு ஒரு காரணம், ஆறு வாரத்துக்குள் வருவதற்கு வேறு காரணம், மாதக்கணக்கில் நிற்பதற்கு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு "பிள்ளை பெத்தா அப்பிடித்தான்" என்று மூடிவிடுவதுதான் சிக்கல்.

பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் தலையிடிப்பது மிகச் சாதாரணம். பத்துப் பெண்களில் மூன்று நாலு பேருக்கு வரும். அநேகமானவை தானாகப் போய்விடும். நான் இங்கே எழுத வந்தது போகாமல் நிற்கும் தலையிடியைப் பற்றி. ஆனாலும் அதற்கு முன் ஊசியின் வழக்கை ஒருமுறை விசாரித்து முடிக்க வேண்டும், ஏனென்றால் கொழும்புத் தமிழ் வீடுகளில் ஊசியின் பெயர் அடிபடாத தலையிடியே இல்லை.

ஊசி செய்ததும் செய்யாததும்

இலங்கையில் இப்போது மூன்று பிரசவத்தில் ஒன்றுக்கு மேல் சீசர். அநேகமாக எல்லாமே இடுப்புக்குக் கீழ் விறைக்கச் செய்யும் முள்ளந்தண்டு ஊசியோடுதான் நடக்கின்றன. மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அதற்குள் தெளிந்த நீர் நிற்கிறது. மூளை அந்த நீரில்தான் மிதந்துகொண்டிருக்கிறது. ஊசி அந்த உறையைத் துளைத்துத்தான் மருந்தை உள்ளே விட முடியும். சிலருக்குத் துளை உடனே அடைபடாமல் நீர் கசியும். நீரின் அழுத்தம் குறைந்தால், எழுந்து நிற்கும்போது மூளை சற்றுக் கீழிறங்கி, அதைத் தாங்கி நிற்கும் உறைகள் இழுபடும். அதுதான் வலி.

இந்த வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எழுந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் நெற்றியும் பிடரியும் பிளக்கும். மட்டமாகப் படுத்தால் அடங்கும். கழுத்து இறுகும், சிலருக்குக் காது இரையும், குமட்டும். ஊசி போட்டு 5 நாளுக்குள், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கிவிடும்.

இதை முதன்முதலில் அனுபவித்து எழுதியவர் ஒரு வைத்தியர். 1898இல் ஜேர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முள்ளந்தண்டில் விறைப்பு மருந்து செலுத்தும் முறையைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். உதவியாளர் ஊசியைக் குத்தினார்; மருந்துச் சிரிஞ்ச் ஊசியோடு பொருந்தவில்லை; பியரின் முள்ளந்தண்டு நீர் வெளியே கொட்டியது. அடுத்த நாள் அவருக்குத் தலையிடி தொடங்கியது, படுத்தால் போனது, எழுந்தால் வந்தது. ஒன்பது நாள் அப்படியே கிடந்தார்.

பியர் காலத்து ஊசி தடிப்பானது. இன்றைக்குச் சீசருக்குப் பாவிக்கும் 25 அல்லது 27 கேஜ் ஊசி மிக மெல்லியது. அதிலும் நுனி கூர்வெட்டாக இல்லாமல் பென்சில் முனைபோல் இருக்கும் ஊசிகள் உறையின் நார்களை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ஊசியில் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இந்தத் தலையிடி வரும். வலியில்லாப் பிரசவத்துக்குப் போடும் எபிடியூரல் வேறு கதை. அதற்குத் தடித்த ஊசி வேண்டும். அது உறைக்கு வெளியே நிற்க வேண்டியது. நூறில் ஒரு தடவை போல் தவறி உறையைத் துளைத்துவிடும். அப்படித் துளைத்தால் பாதிப் பேருக்கு மேல் தலையிடி நிச்சயம்.

இதற்கு மருத்துவம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஓய்வு, போதிய நீர், வலி மருந்து, கோப்பி என்று தொடங்கி, அடங்காவிட்டால் பெண்ணின் கையிலிருந்தே சுமார் 20 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, ஊசி போட்ட இடத்துக்கு அருகே உறைக்கு வெளியே செலுத்துவார்கள். அந்த இரத்தம் உறைந்து துளையை அடைக்கும். பல பேர் சில மணி நேரத்திலேயே எழுந்து உட்காருவார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் அநேகருக்கு ஒன்று இரண்டு வாரத்தில் மாறிவிடும். ஆனால் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் எழும்பாமல் கிடக்கச் சொல்வது நியாயமா? வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தொடங்கினாலும் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய், "எழும்பினா இடிக்குது, படுத்தா போகுது" என்று அதே சொற்களில் சொன்னால் மயக்கமருந்து வைத்தியர் விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்.

சரி, ஊசியால் நீண்டகாலத் தலையிடி வரவே வராதா? வரலாம். தடித்த எபிடியூரல் ஊசி தவறுதலாக உறையைத் துளைத்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்கில், ஒரு வருடம் தாண்டியும் தலையிடி தொடர்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ரெண்டு கிழமையில சரியாகிடும்" என்று பழைய பாடப்புத்தகத்தை ஒப்புவிக்கும் வைத்தியர்கள் இதைக் கவனிப்பது நல்லது. ஆனால் மெல்லிய ஊசியோடு சீசர் நடந்து, முதல் மூன்று மாதம் ஒன்றுமில்லாமல், நாலாம் மாதம் தொடங்கி, படுத்தாலும் நின்றாலும் ஒரே மாதிரி இடிக்கிற தலைக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பில்லை. நாரி நோவுக்கும் ஊசியையே சொல்வார்கள். அது இன்னொரு கட்டுரைக்கு உரியது.

ஊசியின் மேல் எல்லாப் பழியையும் போடுவதால் இரண்டு பக்கமும் நட்டம். உண்மையில் நீர் கசிகிறவள் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று பொறுத்துக்கொள்கிறாள். வேறு நோய் தொடங்கியவள் "ஊசிதானே, என்ன செய்ய" என்று வைத்தியரிடம் போகாமலே இருக்கிறாள்.

ஆறு வாரத்துக்குள் பயப்பட வேண்டியவை

பிள்ளை பிறந்தால் பிரஷர் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் இறங்கும். ஆனால் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் ஏறுகிற காலம். கொழும்பில் சுகப்பிரசவமான பெண்ணை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவளுக்கும் பிள்ளை பிறந்தபின் குருதி அழுத்த நோய் புதிதாகத் தோன்றலாம். ஆறு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. பனடோலுக்கு அடங்காத தலையிடி, கண்ணுக்கு முன் மின்னுவது, மேல்வயிற்றில் வலி, முகம் கை வீங்குவது என்றால் முதல் வேலை பிரஷர் பார்ப்பது. 140/90க்கு மேல் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். 160/110 என்றால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக்கூடாது, வலிப்பு வரலாம், மூளையில் இரத்தம் கசியலாம்.

இரண்டாவது, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளங்களில் இரத்தம் உறைவது. அரிதான நோய், ஆனால் பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரத்தில் அதன் ஆபத்து மற்றக் காலத்தை விட மிக அதிகம். பிரசவத்தில் அதிக இரத்தம் போகாமல் இருக்க உடம்பு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைத்திருக்கிறது. அதோடு உடம்பில் நீர் வற்றினால் நிலைமை மோசம். தென்னிந்தியாவில் சில பத்தாண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்ற பெண்களிடம் இந்த நோய் நிறையப் பதிவானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் கட்டுப்படுத்தும் வழக்கம்.

அந்த வழக்கம் நமக்கும் தெரியாததல்ல. "தண்ணி கூடக் குடிச்சா வயிறு வத்தாது, புண் ஆறாது" என்று மிடறு மிடறாகக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பத்தியத்தை மொத்தமாகக் குறை சொல்ல நான் வரவில்லை. சரக்கு அரைத்த கறியும் உள்ளியும் சுறாப் புட்டும் முருங்கையிலையும் பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு. அடுப்படிப் பக்கம் விடாமல் ஒரு மாதம் படுக்கவைத்துக் கவனிப்பது எந்த நாட்டு மருத்துவமும் மெச்ச வேண்டிய காரியம். வேது வைத்துக் குளிக்க வார்ப்பதும் உடம்புக்கு இதம்தான். தண்ணீரை மட்டும் மறிக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து முற்றமும் வேப்பங்காற்றும் உள்ள வீட்டுக்கு எழுதாத சட்டமாக இருந்ததை, யன்னலைச் சாத்தி வைத்த வெள்ளவத்தைத் தொடர்மாடி அறைக்குக் கொண்டுவந்தால், கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்து, அதோடு பாலும் கொடுத்து, அந்தப் பெண்ணின் உடம்பில் மிச்சம் என்ன இருக்கும்? பால் கொடுத்து முடிய ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய கோப்பை தண்ணீர். அம்மாமார் இதை ஒப்புக்கொள்ள, "சுடுதண்ணி" என்றால் சுலபமாக இருக்கும். சுடுதண்ணீரும் தண்ணீர்தான்.

நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலையிடி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியரைச் சனல் பண்ணி நம்பருக்குக் காத்திருக்கிற விஷயமில்லை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் முதல் வசனமாகவே "பிள்ளை பிறந்து இத்தனை நாள்" என்று சொல்லுங்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் பார்க்கிறவருக்கு அது தெரியாமலே போகலாம்.

மாதக்கணக்கில் நிற்பது

ஆறு வாரம் தாண்டி, ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லாமல், வந்து வந்து போகும் அல்லது போகவே போகாத தலையிடிக்கு வருவோம். இங்கே குற்றவாளி பெரும்பாலும் பழைய ஆள். மைக்ரேன், ஒற்றைத் தலைவலி என்பார்களே, அதுதான்.

"எனக்கு மைக்ரேன் எல்லாம் இருந்ததில்லை" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால், வெயிலில் போய்வந்தால் தலையிடிக்கும், விரதத்தன்று பின்னேரம் தலையிடிக்கும், மாதவிலக்குக்கு முதல் நாள் இடிக்கும், சாம்பிராணிப் புகையோ செண்ட் வாசமோ ஒத்துக்கொள்ளாது, பள்ளிக்கூட நாளில் கூட அறையை இருட்டாக்கிப் படுத்திருந்தது உண்டு என்று ஒவ்வொன்றாக வரும். இதற்கு நம் வீடுகளில் வைத்த பெயர் பீனிசம். மைக்ரேன் வரும்போது மூக்கடைத்து, கண்ணும் நெற்றியும் பாரமாக இருப்பது உண்டு. அதைப் பார்த்து சைனஸ் என்று முடிவுகட்டி ஆவி பிடித்து வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். சைனஸ் தலையிடி என்று மக்கள் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு வருபவற்றில் பெரும்பாலானவை மைக்ரேன் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சளி மஞ்சளாக, காய்ச்சலோடு வராத பீனிசத்தைச் சற்றுச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் ஏறி, ஏறிய நிலையிலேயே நிற்கும். மைக்ரேன் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில், முக்கியமாக நாலாம் மாதத்துக்குப் பிறகு, தலையிடி குறைந்துவிடும். ஐந்தாறு மாதம் தலையிடியே இல்லாமல் இருந்தவள் தனக்கு அப்படி ஒரு நோய் இருந்ததையே மறந்துவிடுவாள். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் அந்த ஹோர்மோன் சில நாளுக்குள் தடாலென்று விழுகிறது. மைக்ரேன் மூளைக்கு மாற்றம்தான் ஆகாது. ஏறி நின்றாலும் சரி, இறங்கி நின்றாலும் சரி, அசையாமல் நின்றால் பொறுத்துக்கொள்ளும். அதனால் மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் மாதத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடுகிறது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கிற சிலருக்கு மாதவிலக்கு வராமல் இருக்கும்வரை தள்ளிப்போகும். பிறகு மாதவிலக்கோடு சேர்ந்து வரும். ஆறாம் ஏழாம் மாதத்தில் "திடீரெண்டு தொடங்கிட்டுது" என்று சொல்கிற பல கதைகளின் பின்னால் இது இருக்கும்.

ஹோர்மோன் தொடக்கி வைத்ததை வாழ்க்கை வளர்த்துவிடுகிறது. இரண்டு மணிக்கு ஒருதரம் முறியும் நித்திரை, பிள்ளையைக் குளிப்பாட்டி முடிய பதினொரு மணிக்குக் காலைச் சாப்பாடு, குனிந்த கழுத்தோடு பால் கொடுப்பது, பால் கொடுத்துக்கொண்டே போன் பார்ப்பது. காலி வீதிப் பக்கம் வீடு என்றால் ஹோர்ன் சத்தம், பக்கத்துக் காணியில் எழும்புகிற கட்டடத்தின் துளைப்புச் சத்தம், கடற்கரைப் பக்க யன்னலில் மத்தியான வெளிச்சம். 84 நாள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போனால் பஸ் நெரிசலும், ஒஃபிசில் பால் கட்டிக்கொள்ளும் வேதனையும் சேரும். கழுத்திலிருந்து தொடங்கி நெற்றியைச் சுற்றிப் பட்டி கட்டினதுபோல் இறுக்குவது மைக்ரேன் இல்லை, அது தசை இறுக்கத் தலையிடி; ஒரே பெண்ணுக்கு இரண்டும் மாறி மாறி வருவது சர்வசாதாரணம்.

உடம்பு பக்கமும் இரண்டு மூன்று சோதனை செய்து பார்க்க வேண்டும். இரத்தம் குறைந்திருந்தால் தலையிடியும் களைப்பும் சேர்ந்தே வரும். கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சேருவது குறைவு. ஒரு மணி நேரமாவது தள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பின் தைரொயிட் சுரப்பி குழம்புவதும் உண்டு. நிறை நன்றாக ஏறி, குனிந்தால் பார்வை ஒரு கணம் இருட்டி, காதுக்குள் இதயத்துடிப்புப் போல் இரைந்தால், கண்ணின் பின்பக்கத்தை வைத்தியர் பார்க்க வேண்டும். மூளை நீரின் அழுத்தம் கூடியிருக்கலாம்.

கார்ட் கார்டாகப் பனடோல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்று யாராவது சொன்னால், இந்தப் பகுதியைக் காட்டுவேன்.

பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பனடோல் பாதுகாப்பானது. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகாதவரை ஈரலுக்கும் பயமில்லை. இது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே வாழைப்பழம் சாப்பிடுவதுபோல் போடுகிறார்கள். தெரியாதது இதுதான்: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து வலிக்குளிசை போட்டால் அந்தக் குளிசையே தலையிடியை நிரந்தரமாக்கிவிடும். கஃபீனோ கொடீனோ கலந்த குளிசை என்றால் 10 நாளே போதும். இத்தனை குளிசை என்பது கணக்கில்லை, இத்தனை நாள் என்பதுதான் கணக்கு. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, ஆனால் தினமும் என்றால் அதுவும் இதில் அடங்கும்.

பெரும்பாலும் மைக்ரேன் உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பொறி. குளிசையின் வேகம் குறையும்போது மூளை மீண்டும் வலியை எழுப்பும், மீண்டும் குளிசை, மீண்டும் வலி. விடியற்காலையில் எழும்பும்போதே தலையிடி இருக்கும், பனடோல் போட்டால் இரண்டு மணி நேரம் குறையும், பிறகு பழையபடி. மாதம் நாலு நாள் வந்த மைக்ரேன், தினமும் வருகிற தலையிடியாக மாறுவது இப்படித்தான். மாதத்தில் 15 நாளோ கூடவோ தலையிடி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அதை நாட்பட்டது என்று வைத்தியர்கள் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் வந்துவிட்ட பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது குளிசையைப் பற்றித்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது? குசினிச் சுவரில் தொங்கும் கலண்டர் போதும். தலையிடித்த நாளுக்கு ஒரு கோடு, குளிசை போட்ட நாளுக்கு ஒரு வட்டம், மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு புள்ளி. பால்காரன் கணக்கும் காஸ் மாற்றிய திகதியும் எழுதுகிற அதே கலண்டர்தான். ஒரு மாதம் முடிய வட்டங்களை எண்ணிப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். "எப்பவாவதுதான் போடுறன்" என்று மனதில் நினைத்திருப்பார்கள்.

குளிசையை நிறுத்தினால் முதல் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரை, தலையிடி கூடும். அதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மனம் விட்டுப்போகும். வீட்டில் இன்னொருவர் பிள்ளையைத் தூக்க ஆள் நிற்கிற காலமாகப் பார்த்துத் தொடங்குவது புத்தி. அம்மா ஊருக்கு பஸ் ஏறுகிற கிழமையில் வேண்டாம்.

குளிசையை நிறுத்து என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது பாதி வைத்தியம். வரும் தலையிடியைத் தடுக்கத் தினமும் எடுக்கிற மருந்துகள் இருக்கின்றன. "பால் குடுக்கிறன், மருந்து எடுக்கேலாது" என்று பெண்களும், "பால் மறந்தாப் பிறகு பாப்பம்" என்று சில வைத்தியர்களும் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். தாய்ப்பாலை இரண்டு வயதுவரை கொடுக்கச் சொல்லிவிட்டு, தலையிடிக்கு வைத்தியம் அதற்குப் பிறகுதான் என்றால் இரண்டு வருடம் அவள் என்ன செய்வது? புரொப்பிரனோலொல், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, விலை குறைந்த தடுப்பு மருந்துகளைப் பால் கொடுக்கும்போதும் பாவிக்கலாம். ஆஸ்த்மா உள்ளவளுக்குப் புரொப்பிரனோலொல் கூடாது, அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வலி வந்த அன்றைக்கு இபுபுரூஃபென் எடுக்கலாம், பாலில் சேருவது மிகச் சொற்பம். சுமாட்ரிப்டானும் அப்படித்தான். கூடாதவையும் உண்டு: டிஸ்பிரின் பழக்கத்தில் போடுவதை விட வேண்டும், அது அஸ்பிரின்; எர்கொட் சேர்ந்த பழைய மைக்ரேன் குளிசைகள் வேண்டவே வேண்டாம். தடுப்பு மருந்து நாலு வாரத்துக்கு முன் ஒன்றும் காட்டாது, முழுப் பலன் தெரிய எட்டு, பன்னிரண்டு வாரம் ஆகலாம். சித்தாலேப தைலம் பூசுவதால் கெடுதல் இல்லை, பிள்ளையின் கண்ணிலும் மூக்கிலும் படாமல் இருந்தால் சரி.

தலையிடி என்று சொன்னால்தான் கேட்கிறார்கள்

ஒரு பெண் "தலையிடிக்குது" என்றால் வீட்டில் கோப்பி வரும், பிள்ளையை யாராவது வாங்குவார்கள். "மனம் சரியில்லை, பிள்ளையைப் பார்த்தாலே அழுகை வருது" என்றால் என்ன வரும்? "இவ்வளவு நாள் தவமிருந்து பெத்த பிள்ளை, இப்பிடிக் கதைக்காதை" என்று அதட்டல் வரும். அதனால் மனச்சோர்வும் தலையிடியின் பெயரில்தான் வெளியே வருகிறது. மறுபக்கமும் உண்மை: மாதக்கணக்கில் தலையிடியோடு பிள்ளை வளர்ப்பவளுக்கு மனம் சோராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எது முதல் என்று ஆராய்வதில் பலனில்லை, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை அறிய எடின்பரோ கேள்விக்கொத்து என்று 10 கேள்விகள் உள்ள ஒரு தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு. மிட்வைஃப் அதை நீட்டும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் யார்தான் உண்மையை நிரப்புவார்கள்? தனியாக இருந்து நிரப்பக் கேட்கலாம். நிலைமை மோசமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

42 நாளுக்குப் பிறகு யாருடைய நோயாளி?

இலங்கையின் தாய்சேய் நலச் சேவை பெருமைப்படத் தக்கது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து கட்டி எழுப்பியது. டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரி 1879இலிருந்து கொழும்பில் பிள்ளைப்பேறு பார்த்துவருகிறது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். பிள்ளையோடு வீடு வந்ததும் குடும்ப நல மாது, அதாவது நாங்கள் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர், வீடு தேடி வருவார். கடைசி வருகை 42ஆம் நாளையொட்டி இருக்கும்.

அதோடு தாயின் அட்டை மூடப்படுகிறது. பிறகு பிள்ளையின் அட்டைதான். நிறை, உயரம், தடுப்பூசி. நாட்பட்ட தலையிடி பிடிக்கிற காலம் சரியாக இந்த மூடிய அட்டைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இது யாருடைய அலட்சியமும் இல்லை, சேவை அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2ஆம், 4ஆம், 6ஆம், 9ஆம் மாதங்களில் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பது அதே தாய்தான். பிரஷர் பார்க்கும் கருவி மேசையில் இருக்கிறது, வைத்தியர் உள்ளே இருக்கிறார். "எனக்கும் ஒருக்காப் பிரஷரைப் பாருங்கோ, மூன்று மாதமாத் தலையிடி" என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழும்பில் தமிழ்ப் பெண்களுக்கு மொழியும் குறுக்கே நிற்கிறது. எந்தப் பக்கம் இடிக்கிறது, வெளிச்சம் கூசுகிறதா, எழும்பினால் கூடுகிறதா என்ற விபரமெல்லாம் அரைகுறைச் சிங்களத்தில் "தலை வலிக்கிறது" என்ற ஒரு வசனமாகச் சுருங்கிவிடும். அதற்குக் கிடைப்பதும் பனடோல்தான். அந்தக் கலண்டர் தாளைக் கிழித்துக் கொண்டுபோனால் கோடும் வட்டமும் எந்த மொழி வைத்தியருக்கும் விளங்கும். குடும்ப வைத்தியர் அல்லது வெளிநோயாளர் பிரிவிலிருந்து கடிதம் கிடைத்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குக் காசில்லாமல் போகலாம். நேராக நரம்பியல் நிபுணரைச் சனல் பண்ணி "ஸ்கான் எழுதித் தாங்கோ" என்று கேட்பவர்களும் உண்டு. ஆபத்தான அடையாளம் இல்லாத, நரம்புப் பரிசோதனை சரியாக உள்ள மைக்ரேனுக்கு ஸ்கானில் ஒன்றும் தெரியாது. அந்தக் காசுக்கு வேலைக்கு ஒரு ஆளை வைத்துப் பகலில் இரண்டு மணி நேரம் நித்திரை கொண்டால் தலைக்கு அதிகம் நல்லது.

இன்னொன்றையும் மிட்வைஃபிடம் சொல்ல வேண்டும், அவர் குடும்பத்திட்டமிடல் பற்றிக் கேட்கும்போது. தலையிடி தொடங்குவதற்கு முன் கண்ணில் வளைந்து நெளிந்த ஒளிக்கோடு ஓடுவது, பார்வையின் ஒரு பக்கம் மறைவது, கையில் தொடங்கி முகத்துக்கு ஏறும் விறைப்பு, இப்படி ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நடந்து பிறகு இடிக்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் சேர்ந்த கருத்தடைக் குளிசை ஆகாது. பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதை முற்றாகத் தவிர்க்கச் சொல்கிறது. மிதுரி அந்த வகைக் குளிசை. ஒளிக்கோடு இல்லாத மைக்ரேன்காரருக்கும், குளிசை தொடங்கிய பிறகு தலையிடி கூடினால், அல்லது வயது 35 தாண்டியிருந்தால், மறுபடி யோசிக்க வேண்டும். லூப், கைக்குள் வைக்கும் இம்பிளான்ட், மூன்று மாத ஊசி என்று வேறு வழிகள் அதே கிளினிக்கில் இருக்கின்றன. அடுத்த பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது தடுப்பு மருந்தை என்ன செய்வது என்பதையும், முதல் பிரசவத்தில் ஊசித் தலையிடி வந்திருந்தால் அதை மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்வதையும், பேறுகாலக் கிளினிக்கின் முதல் நாளிலேயே அட்டையில் எழுதுவித்துவிடலாம்.